வார்டுக்குப் பக்கத்தில் ஒரு வகுப்பறை

பயோமெடிக்கலில் எம்.டெக். சேர நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது கல்லூரியின் ரேங்க், அடுத்தது பிளேஸ்மென்ட். பார்க்கட்டும். ஆனால் இந்தப் படிப்புக்கென்றே கேட்க வேண்டிய கேள்வி வேறு: அங்கிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

கிலோமீட்டர் கணக்கைச் சொல்லவில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆஸ்பத்திரி மெடிக்கல் காலேஜ் வளாகத்தில். கருவிகள் உருவாகும் பிரிவோ பூஜப்புரையில், பழைய அரண்மனை ஒன்றில். இரண்டும் ஒரே நிர்வாகம். இறக்குமதி இதய வால்வு ஏழைக்கு எட்டாத விலையில் விற்ற காலத்தில், இதய அறுவை நிபுணரான எம்.எஸ்.வலியத்தான் அங்கே இயக்குநராக இருந்தார். நம் நாட்டிலேயே வால்வு செய்யும் முயற்சியில் முதல் மாதிரிகள் வரிசையாகத் தோற்றன. செயற்கை நீலக்கல்லில் செய்த வட்டும் கைகொடுக்கவில்லை. கடைசியில் நிலைத்தது உலோகக் கலவைச் சட்டமும் பாலிஎத்திலீன் வட்டும். 1990 டிசம்பரில் அதை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். டி.டி.கே. சித்ரா வால்வு என்ற பெயரில் இதுவரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் நெஞ்சுக்குள் போயிருக்கிறது. வால்வைத் தைக்கிறவரும் வடிவமைக்கிறவரும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இல்லாதிருந்தால், இரண்டாவது தோல்வியோடு கோப்பை மூடியிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

அந்த நிறுவனமும் சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் சி.எம்.சி.யும் சேர்ந்து நடத்தும் எம்.டெக். கிளினிக்கல் இன்ஜினியரிங்கை நம் மாணவர்கள் பலர் கவனிப்பதே இல்லை. டெல்லி ஐ.ஐ.டி.யின் பயோமெடிக்கல் மையம் எய்ம்ஸோடு கைகோத்து 1971இல் தொடங்கியது. காரக்பூர் ஐ.ஐ.டி.யில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கென்றே தொழில்நுட்ப முதுகலை உண்டு. டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் டாக்டர் என்றால், பாதி சந்தேகம் அங்கேயே தீரும்!

துறையின் பெயரை நம்பி ஏமாற வேண்டாம். ஒரே பெயரில் ஓரிடத்தில் செல் உயிரியல், இன்னோரிடத்தில் சிக்னல் பிராசஸிங், வேறோரிடத்தில் செயற்கை மூட்டு என்று ஓடும். சிலபஸைவிட, சமீபத்திய தீசிஸ் தலைப்புகள் உண்மையைச் சொல்லும். கேட் தேர்வில் 2020 முதல் பயோமெடிக்கலுக்குத் தனித் தாள் வந்துவிட்டது. மெக்கானிக்கல், இ.சி.இ. படித்தவர்களையும் பல இடங்களில் சேர்க்கிறார்கள். எந்தத் தாளை ஏற்கிறார்கள் என்று அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

‘நான் கம்ப்யூட்டரில் ஸ்கேன் படங்களை அலசப் போகிறவன், எனக்கெதற்கு வார்டு?’ என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்குத்தான் அதிகம் வேண்டும். அந்தப் படங்கள் நோயாளிகளுடையவை. நெறிமுறைக் குழுவின் அனுமதியில்லாமல் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு படம்கூடக் கைக்கு வராது. சொந்த ஆஸ்பத்திரி இல்லாத இடத்தில் அந்தக் காகிதம் நகர்ந்து முடிவதற்குள், இரண்டு வருடப் படிப்பில் ஒரு செமஸ்டரே கரைந்துவிடக்கூடும். ஆகவே சேருமுன் இரண்டாம் ஆண்டு மாணவர் யாரையாவது பிடித்து விசாரியுங்கள்: தீசிஸுக்கான டேட்டா எங்கிருந்து வந்தது, கேட்டு எத்தனை மாதத்தில் கிடைத்தது, கைடோடு சேர்ந்து வேலை செய்யும் டாக்டர் போனை எடுக்கிறாரா.