வளைத்த மரமும் கிராமத்துக் கைகளும்

தேர்ந்த தச்சர் கிடைப்பது அரிதாகிவிட்டது என்று மரச்சாமான் செய்வோர் இன்று பல இடங்களிலும் குறைப்படுகின்றனர். இக்குறை புதியதன்று. மைக்கேல் தோனெட் என்னும் தச்சர் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு ஒரு வழி கண்டார். அதனை நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

ஜெர்மனியின் போப்பார்ட் நகரில் 1796-இல் பிறந்த தோனெட், 1842-இல் வியன்னாவில் குடியேறினார். அக்காலத்தில் நல்ல நாற்காலி செய்வது முழுத் தச்சனுடைய வேலை. வளைந்த உறுப்புகளைக் கட்டையிலிருந்து அறுத்துச் செதுக்கி, துளையும் கழுந்தும் இட்டு, வச்சிரம் பூசிச் சேர்க்கவேண்டும். இதில் மரமும் வீண். வளைவில் நார் குறுக்கே அறுபடுவதால் வலிமையும் குறைவு.

தோனெட் மரத்தை வளைவாக அறுக்கவில்லை. பீச் மரத்தைக் கோலாகக் கடைந்து, நீராவியில் பதப்படுத்தி வளைத்தார். தடித்த கோலை வளைத்தால் வெளிப்புற நார் இழுபட்டுக் கிழியும். ஆகவே அப்புறத்தில் இரும்புப் பட்டை ஒன்றை இறுகப் பிணைத்து வளைத்தார். பட்டை நீளாது, எனவே மரம் உட்புறமாக நெருக்குண்டு, கிழியாமல் வளைந்தது. பின் இரும்பு அச்சிலேயே உலரவிட்டார். தச்சனின் கண்ணளவு செய்த வேலையை அச்சு செய்தது.

1856-இல் மொராவியாவின் கொரிச்சானியில், பீச் காடுகளை அடுத்து ஆலை எழுந்தது. அவ்விடம் இன்று செக் நாட்டில் உள்ளது. தச்சே அறியாத கிராமத்தார் ஆளுக்கொரு வேலையைப் பயின்றனர். பிரம்பு பின்னுவதும் மெருகிடுவதும் பெண்கள் கைக்கு வந்தன. 1859-இல் வெளிவந்த 14-ஆம் எண் நாற்காலிக்கு மர உறுப்புகள் ஆறு, திருகாணிகள் பத்து, மரைகள் இரண்டு, அவ்வளவே. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கின. 1930-க்குள் ஏறக்குறைய ஐந்து கோடி விற்றனவாம்.

தார் சுற்றுவோர், பாவு ஓடுவோர், நெய்வோர் என வேலையைப் பகுத்துக்கொள்ளும் நெசவாளருக்கு இது வியப்பளிக்காது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நெசவாளர் வீட்டில் தார் சுற்றும் சிறுவன் பின்னர் தறியில் அமர்கிறான். ஆலையிலோ ஒரே வேலையை அறிந்தவன் தனிப்பட்டறை வைக்க இயலாது; கூலிக்கு வாதாடவும் அவனுக்கு வலு குறைவு. கிராமத்தாரின் மலிவான கூலியும் ஆலையை அங்கே ஈர்த்தது என்பதை மறைப்பதற்கில்லை.

மரவேலைக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று இம்முறையைக் கையாள நினைத்தால், அச்சுகளைச் சங்கத்தின் பொதுவுடைமையாக வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை அங்கத்தினர்களை வேலை மாற்றிப் பழக்கலாம். மாற்றும் நாட்களில் உற்பத்தி சற்றுக் குறையும். அதற்கு ஒப்பியே தொடங்கவேண்டும். தோனெட் 1861-இல் பிஸ்ட்ரிட்சே ஊரில் நிறுவிய ஆலையில், ஆவியில் பதமான கோலை இன்றும் ஆட்களே கையால் வளைக்கின்றனர்.