வீட்டுப் பிள்ளையை அறியாத காவல்காரன்

கல்யாணமாகி நாலைந்து வருஷமாகியும் தொட்டில் ஆடவில்லை என்றால், பழி முதலில் யார் தலையில் விழுகிறது? மருமகள் தலையில்தான்! அவளுக்குப் பரிசோதனையெல்லாம் முடிந்து, "உன்னிடம் ஒரு குறையுமில்லை" என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார். பின் ஏன் இந்தத் தாமதம்?

சில வீடுகளில் விசித்திரமான ஒரு காரணம் உண்டு. புருஷனின் உடம்பே அவனுடைய விந்தணுக்களைப் பகையாக நினைத்துவிடுகிறது!

நம் இரத்தத்தில் ஒரு காவல் படை இருக்கிறது. எது நம்முடையது, எது அந்நியம் என்று அது சிறு வயதிலேயே கற்றுக்கொள்கிறது. விந்தணுக்களோ பருவம் வந்த பிறகு பிறப்பவை; காவலுக்கு அறிமுகமில்லாதவை. அதனால்தான் இயற்கை அவற்றைத் தடுப்புக்குள் ஒளித்து வைத்திருக்கிறது. அடிபட்டாலோ, தொற்றுநோய் கண்டாலோ, கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டாலோ அந்தத் தடுப்பு உடையலாம். உடனே காவல் படை எதிர்ப்பொருளை ஏவுகிறது. அது ஒட்டிக்கொண்ட அணுக்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன, நீந்தத் தவிக்கின்றன, கருமுட்டையைத் துளைக்க முடிவதில்லை. சில சமயம் மனைவியின் உடம்பிலும் இத்தகைய எதிர்ப்பொருள் உண்டாவதுண்டு.

குழந்தையில்லாத ஆண்களின் இரத்தத்தில் இது இருப்பதை, 1954-ல் ஹாலந்தில் ரும்கேயும் அமெரிக்காவில் வில்சனும் தனித்தனியே வெளியிட்டார்கள்.

இதைக் கண்டுபிடிப்பது எப்படி? ஊசியுமில்லை, கத்தியுமில்லை. புதிதாக எடுத்த விந்தில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, கண்ணுக்குத் தெரியாத லேடெக்ஸ் மணிகளையும் ஒருவகைச் சீரத்தையும் கலக்கிறார்கள். எதிர்ப்பொருள் சுமந்த அணுவில் மணிகள் ஒட்டிக்கொள்ளும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அணு மணியை இழுத்துக்கொண்டு நீந்துவது தெரியும்! நீந்தும் அணுக்களை எண்ணி, பாதிக்கு மேல் மணி ஒட்டியிருந்தால் கவனிக்க வேண்டியது என்பது ஆய்வுக்கூடங்களில் வழங்கிவரும் கணக்கு.

எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை வேண்டியதில்லை. சாதாரண விந்துப் பரிசோதனையில் அணுக்கள் ஒட்டிக் கிடந்தாலோ, ஓட்டம் குறைந்திருந்தாலோதான் டாக்டர் இதைக் கேட்பார். எதிர்ப்பொருள் இருந்தாலே நம்பிக்கை போயிற்று என்றும் அர்த்தமில்லை. தானாகக் கருத்தரித்தவர்களும் உண்டு. ஒரே ஓர் அணுவை எடுத்து நேராக முட்டைக்குள் செலுத்தும் முறையில் கருத்தரித்த செய்தி 1992-ல் பிரஸ்ஸல்ஸ் நகரிலிருந்து வந்தது. அந்த முறைக்கு இந்த எதிர்ப்பொருள் பெரிய தடையே அல்ல. செலவுதான் அதிகம்.

ஆகவே சகோதரிகளே, அடுத்த முறை டாக்டரிடம் தனியாகப் போகாதீர்கள். அவரையும் கூட அழைத்துப் போங்கள். பரிசோதனைச் சீட்டு இரண்டு பேர் பெயரிலும் எழுதப்படட்டும்!