தார்பாய் கட்டியும் கோழிக் கொட்டகை ஏன் நனைகிறது?

ஐப்பசி அடைமழை தொடங்கியதும் கோழி வளர்ப்பவர்கள் முதலில் தேடுவது தார்பாயைத்தான். சாரல் அடித்துவிடக் கூடாது என்று கொட்டகையை நாலு பக்கமும் மூடிக் கட்டிவிடுகிறார்கள். நாலைந்து நாள் கழித்துப் பார்த்தால், கூரையில் ஒரு சொட்டு ஒழுக்கு இல்லாமலே தரை சொதசொதவென்று கிடக்கிறது. கதவைத் திறந்ததும் கண் எரிகிறது. ஒரு மாதக் குஞ்சுகள் இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் ஒடுங்குகின்றன. எச்சத்தில் ரத்தம் தெரிகிறது.

இந்த ஈரம் வெளியிலிருந்து வந்ததல்ல. வளர்ந்த நாட்டுக்கோழி ஒன்று நாளுக்குச் சுமார் 150 முதல் 200 மில்லி தண்ணீர் குடிக்கும். 50 கோழி என்றால் ஏழரை முதல் 10 லிட்டர். அதில் பெரும்பகுதி எச்சமாகவும் மூச்சுக்காற்றாகவும் கொட்டகைக்குள்ளேயே திரும்பி வருகிறது. வெயில் நாளில் காற்று அதை எடுத்துக்கொண்டு போய்விடும். தார்பாய் போட்டு இறுக்கினால் எங்கே போகும்?

மழைக்காலத்தில் மறைக்க வேண்டியது சாரலை மட்டும்தான், காற்றை அல்ல. படுதாவின் அடிப்பக்கத்தைக் குட்டைச் சுவரோடு பொருத்தி, கீழிருந்து மேலே இழுத்துக் கட்டும்படி வைத்துக்கொள்ள வேண்டும். கூரைக்குக் கீழே ஓர் அடி எப்போதும் திறந்திருக்கட்டும். சூடான ஈரக்காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும். சாரல் அடிக்கிற பக்கத்தை உயர்த்திக் கட்டி, எதிர்ப்பக்கத்தைத் தாழ்த்தி விடலாம். மழை விட்டதும் எல்லாப் பக்கமும் இறக்கிவிட வேண்டும். இதற்குச் சோம்பல்பட்டால் மற்ற எதைச் செய்தும் பெரிய பலனில்லை. புதிதாகக் கொட்டகை போடுபவர்கள் கூரையைச் சுவருக்கு வெளியே 3 அடி நீட்டிவிட்டால் படுதாவுக்குப் பாதி வேலை குறையும்.

அடுத்தது கூளம். நெல் உமியோ கடலைத் தோலோ, ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து விரலைத் திறந்து பார்க்க வேண்டும். உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டைபோல நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. அடைமழைக் காலத்தில் தினமும் ஒருமுறை கிளறிவிட்டு, பாளமாக இறுகியதை அள்ளி எடுத்து, அந்த இடத்தில் காய்ந்த உமி போடலாம். இதற்காகவே நாலு மூட்டை உமியை மழைக்கு முன்பே வாங்கி வைப்பது நல்லது. சுண்ணாம்பு தூவுவதென்றால் நீற்றிய தூளாக இருக்க வேண்டும், சுட்ட கிளிஞ்சலை அப்படியே போட்டால் கால் வெந்துவிடும். ஈரக் கூளத்தில் சுண்ணாம்பு கலந்தவுடன் அம்மோனியா நெடி இன்னும் கிளம்பும். எனவே கோழிகளை வெளியேற்றி, படுதாவை இறக்கிய பிறகே கலக்க வேண்டும். நெடி இருக்கிறதா என்று நின்றபடி முகர்ந்து பார்த்தால் போதாது. கோழியின் தலை மட்டத்துக்குக் குந்தி உட்கார்ந்தால்தான் அது சுவாசிக்கிற காற்று தெரியும்.

ரத்தக்கழிச்சலுக்கும் இந்த ஈரத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நோய்க்கிருமி எச்சத்தோடு வெளியே விழுந்தவுடன் தொற்றாது. ஈரமும் கதகதப்பும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முதிர்ந்து, கூளத்தைக் கொத்தும் குஞ்சுக்குள் போகத் தயாராகிவிடும். 3 முதல் 8 வாரக் குஞ்சுகளுக்குத்தான் ஆபத்து அதிகம். ரத்தம் கலந்த எச்சத்தைக் கண்டால் அன்றைக்கே கால்நடை மருந்தகத்தில் காட்டிவிட வேண்டும். மருந்து கொடுத்துவிட்டு அதே ஈரத் தரையில் விட்டால் மறுபடி வரும்.

கூளம் முதலில் கெடுவது தண்ணீர்த் தட்டைச் சுற்றித்தான். தட்டின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்தில் இருந்தால் சிந்துவது குறையும். தட்டுக்கு அடியில் மணல் நிரப்பிய பள்ளம் வெட்டி, மேலே கம்பி வலை போட்டுவிட்டால் சிந்தினாலும் கூளம் நனையாது. தீவன மூட்டையைப் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைக் காயவைத்துக் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பூசணம் உதிர்ந்தாலும் அதன் நச்சு தானியத்திலேயே தங்கும், கொட்டிவிடுவதே லாபம்.

அள்ளிய ஈரக் கூளத்தைக் கொட்டகை ஓரத்தில் குவித்து வைத்தால் அடுத்த மழையில் உள்ளேயே வழிந்து வரும். தள்ளி, மேடான இடத்தில் எருக்குழிக்குக் கொண்டுபோய், மேலே மண்ணோ சருகோ போட்டு மூடிவிடலாம். தை மாதத்துக்குள் மட்கி, தோட்டத்துக்கு உரமாகிவிடும்.