பயந்த பிள்ளைக்கு யார் மடி?

கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் வளர்ந்த பெரியவர்களிடம் பூமி ஆடிய கதை ஒன்றாவது இருக்கும். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை வெடித்தால், மேலே வீட்டுச் சுவர் அதிரும். ஷிப்டுக்குப் போனவர் உயிரோடு வருவாரா என்று வீடே பதறும். அலறிய குழந்தையை "பயந்துக்கிச்சு" என்று தூக்கி வேப்பிலை அடிப்பார்கள். தர்காவில் ஓதிக் கயிறு கட்டுவார்கள்.

அந்த மந்திரிப்பைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அத்தனை நேரமும் பிள்ளை தெரிந்த ஒருவரின் மடியில் இருந்ததே! இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்காமும் இதைத்தான் கண்டார்கள். குண்டுவீச்சைவிடத் தாயைப் பிரிந்ததே சின்னப் பிள்ளைகளை அதிகம் உலுக்கியது.

"பால்குடி மறக்காததுக்கு என்ன தெரியும்?" என்கிறோம். அதற்குச் சொல்லத்தான் தெரியாது. பயந்த பிள்ளைக்கு நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி தொடங்கும். பேசிய வார்த்தை நின்றுபோகும். முந்தானையை விடாது, கதவு சாத்தினாலே துள்ளும், ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடும். இதைப் பிடிவாதம் என்று அடிப்பது கொடுமை. சாப்பாடு, குளியல், தூக்கம் தினமும் அதே நேரத்தில், அதே கையால் நடக்க வேண்டும். நடந்ததை அதற்குப் புரியும் சொல்லில் சொல்ல வேண்டும். இறந்துபோன அப்பா "ஊருக்குப் போயிருக்கார்" என்று பொய் சொன்னால், பிள்ளை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர்கள், பிள்ளைகளைத் தேற்ற, தமிழகக் கடற்கரையில் உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளையோடு நாளும் இருக்கப்போகிறவர்கள் அவர்கள்தானே.

தங்கவயலில் எனக்குள்ள கவலையும் பிள்ளையை நாளும் பார்த்துக்கொள்ளும் அந்தக் கையைப் பற்றியதுதான். 2001 பிப்ரவரி 28-ல் மைன்ஸ் மூடியது. அன்றிலிருந்து ஊரின் பிழைப்பு பெங்களூருவில். மாரிக்குப்பத்தில் இருட்டோடு ரயில் ஏறுகிறவர்கள் இருட்டிய பின்தான் இறங்குகிறார்கள். அப்பா மட்டும் போன வீட்டிலிருந்து இப்போது அம்மாவும் போகிறார். வீட்டில் சாவோ, குடிச்சண்டையோ, தீ விபத்தோ நடந்துவிட்டால், மறுவாரமே பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கிறது. வருமானம் இல்லாத வீடும் பிள்ளைக்கு நரகம்தான் என்பார்கள். சரிதான். ஆனால் பறிபோன மடிக்குச் சம்பளம் ஈடாகாது.

அங்கன்வாடி கடைசி ரயில் வரும்வரை திறந்திருக்கட்டும். பிள்ளையின் வீட்டுத் தமிழ் தெரிந்த ஆயா ஒருவர் மாறாமல் அங்கே இருக்கட்டும். பயந்த பிள்ளை வாரக்கணக்கில் தெளியாவிட்டால் கயிற்றோடு நின்றுவிடாதீர்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.