பாலைவனப் பாட்டியின் புள்ளிகள்

எண்பது வயதை நெருங்கும்போதுதான் எமிலி காமே உங்வாரே முதன்முதலாகக் கேன்வஸ் துணியில் ஓவியம் தீட்டினார். அடுத்த எட்டு ஆண்டுகளில் அவர் வரைந்தவை ஏறக்குறைய 3,000 இருக்கும் என்கிறார்கள். ஓவியப் பள்ளி எதிலும் அவர் பயின்றதில்லை. இன்று ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய ஓவியர்களுள் ஒருவராக அவர் போற்றப்படுகிறார்.

எமிலி பிறந்தது சுமார் 1910ஆம் ஆண்டில். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில் உள்ள யுட்டோப்பியா வட்டாரம் அது. அவருடைய சொந்த மண்ணுக்கு அல்ஹல்கெரே என்று பெயர். அவர் அன்மாட்யெர் என்ற பூர்வகுடி இனத்தைச் சேர்ந்தவர். 1920களில் வெள்ளையர்கள் அந்த நிலத்தைக் கால்நடைப் பண்ணையாக்கினர். தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த மக்கள், தங்கள் மண்ணிலேயே பண்ணைக் கூலிகளானார்கள். எமிலியும் பண்ணைகளில் உழைத்தவர்தான்.

பாத்தேக் தந்த திருப்பம்

நமக்கெல்லாம் நன்கு பழக்கமான பாத்தேக் கலைதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது என்பது பலருக்குத் தெரியாது. 1977இல் யுட்டோப்பியா பெண்களுக்குப் பாத்தேக் பயிற்சி வகுப்பு தொடங்கியது. உருகிய மெழுகால் கோலமிட்டு, சாயத்தில் தோய்த்தெடுக்கும் அந்த ஜாவா முறையைக் கற்ற பெண்கள், அதில் ஜாவாவின் பூக்களையும் பறவைகளையும் வரையவில்லை. தங்கள் நிலத்தின் செடிகளையும் விதைகளையும் விலங்குகளின் தடங்களையும் வரைந்தார்கள்.

1979இல் யுட்டோப்பியா நிலத்துக்கான உரிமை விசாரணை நடந்தது. எழுத்தில் ஆவணம் இல்லாத மக்கள் தங்கள் உரிமையை எப்படி நிரூபிப்பது? பெண்கள் ‘அவெல்யே’ என்ற சடங்கை ஆடிக் காட்டினார்கள். காவி மண், வெண்களிமண் போன்றவற்றால் மார்பிலும் தோளிலும் கோடுகள் தீட்டிக்கொண்டு, நிலத்தின் முன்னோரைப் பாடி ஆடும் பெண்களின் சடங்கு அது. எந்தக் கோடு யாருக்கு, எந்தப் பாடல் எந்த இடத்துக்கு என்பதெல்லாம் வழிவழியாக வந்த உரிமை. அவர்களின் பாத்தேக் துணிகளும் விசாரணையின்போது காட்சிக்கு வைக்கப்பட்டன. முடிவில் நிலம் அவர்களுக்கே உரியதாயிற்று.

கிழங்கின் பெயர் கொண்டவர்

1988-89 கோடையில் அந்தப் பெண்களுக்குக் கேன்வஸ் துணியும் அக்ரிலிக் வண்ணமும் வழங்கப்பட்டன. மெழுகைக் காய்ச்சி, துணியை அலசி ஓய்ந்துபோயிருந்த எமிலிக்கு அது பெரிய விடுதலை. துணியைத் தரையில் விரித்து, அருகில் சம்மணமிட்டு அமர்ந்து, சுற்றிச் சுற்றி வரைவார். அதனால் அவர் ஓவியங்கள் பலவற்றுக்கு மேல் கீழ் என்பதே கிடையாது.

அவர் பெயரில் உள்ள ‘காமே’ என்பது அங்கு விளையும் ஒரு கிழங்குக் கொடியின் விதையைக் குறிக்கும். நம் சமையலறை உளுந்துக்கும் பச்சைப்பயற்றுக்கும் நெருங்கிய உறவுள்ள கொடி அது. கிழங்கு முற்றியதும் மேலே தரை வெடிக்கும். அந்த வெடிப்பைப் பார்த்துத்தான் பெண்கள் தோண்டுவார்கள். மெல்பர்னில் உள்ள விக்டோரியா தேசிய கலைக்கூடத்தில் 1995இல் அவர் வரைந்த ஓர் ஓவியம் இருக்கிறது. சுமார் 3 மீட்டர் உயரம், 8 மீட்டர் அகலம். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள் ஒன்றோடொன்று பின்னிப் படர்ந்திருக்கும். இரண்டே நாளில் அதை முடித்தாராம். கிழங்கின் வேர்களும், நிலத்தின் வெடிப்புகளும், உடலில் தீட்டும் கோடுகளும் அதில் ஒன்றாகிவிடுகின்றன. என்ன வரைகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, எல்லாவற்றையும்தான் என்று பதில் சொல்வார்.

யாருக்குப் போகிறது பணம்?

புகழ் வந்ததும் ஓவிய வியாபாரிகள் தேடி வந்தார்கள். கிடைத்த வருமானத்தில் எமிலி தம் உறவினர் பலரைத் தாங்கினார். 1996 செப்டம்பரில் அவர் மறைந்தார். 2007இல் அவருடைய ‘பூமியின் படைப்பு’ என்ற ஓவியம் 10 லட்சத்து 56 ஆயிரம் ஆஸ்திரேலிய வெள்ளிக்கு ஏலம் போனது. ஆனால், மறுவிற்பனையில் ஓவியருக்கோ வாரிசுகளுக்கோ 5 விழுக்காடு தர வேண்டும் என்ற சட்டம் அங்கு நடப்புக்கு வந்தது 2010இல்தான்.

போலிகளின் தொல்லை இன்னும் தீரவில்லை. பூர்வகுடிக் கலைப் பாணியிலான நினைவுப் பொருள்களுக்குச் செலவாகும் பணத்தில் பாதிக்கும் மேல், பூர்வகுடியினர் வரையாத பொருள்களுக்கே போகிறது என்று ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2022இல் தெரிவித்தது. அவர்கள் இழப்பது வருமானத்தை மட்டுமல்ல. ஒரு குடும்பத்தின் நில உரிமையைச் சொல்லும் கோடும் புள்ளியும், யாரோ அச்சடித்த வெறும் அலங்காரமாகிவிடுகின்றன.

ஆஸ்திரேலியாவுக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர்கள் புள்ளி ஓவியம் போட்ட கோப்பையோ துண்டோ வாங்குவது வழக்கம். அடுத்த முறை வாங்கும்போது கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இதை வரைந்தவர் யார்? அவருடைய நிலம் எது? உண்மையான படைப்பை விற்பவரிடம் இரண்டுக்கும் பதில் இருக்கும்.