ஏரியும் எண்ணும்

பட்டுக்கும் கோயில்களுக்கும் புகழ்பெற்ற காஞ்சிபுரத்தை அடுத்து, தென்னேரி என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள பேரேரி மிகப் பழமையானது. திரையன் என்னும் மன்னன் பெயரால் திரையனேரி என வழங்கிய அது, பின்னர்த் தென்னேரி என மருவியது என்பர். வடகிழக்குப் பருவமழையே இத்தகைய ஏரிகளை நிரப்புகின்றது.

ஏரி நிரம்பியதும் உழவர் உள்ளத்தில் ஒரு வினா எழும். இந்நீர் எத்தனை வயல்களை விளைவிக்கும்? மிகுதியாக நட்டால், கதிர் வரும் பருவத்தில் நீர் அற்றுப்போகும்; முதற்கண் வாடுவது கடைமடை உழவனின் பயிரே. குறைவாக நட்டாலோ நிலம் தரிசாகும். இவ்வினாவுக்கு விடை காண உதவுவது கணித மாதிரி. இயற்கையில் நிகழ்வதை எண்களால் அமைத்துப் பார்ப்பதே அதுவாகும்.

வீட்டுக் கணக்கைப் போன்றதே ஏரிக் கணக்கும். மழையும் வரத்துக்கால் நீரும் வரவு. மதகின் வழியே பாய்வதும், கலங்கலில் வழிவதும், ஆவியாவதும், மண்ணில் ஊறுவதும் செலவு. எஞ்சுவது இருப்பு.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஓர் ஏரியில் 30 இலட்சம் கன மீட்டர் நீர் உள்ளது. இனி மழை இல்லை என்று கொள்வோம். ஒரு ஹெக்டேர் நெல்லுக்கு ஏறத்தாழ 12,000 கன மீட்டர் நீர் வேண்டும். வகுத்தால் 250 ஹெக்டேர் நடலாம் எனத் தோன்றும். ஆயின், கதிரவனை மறந்துவிட்டோம்! நீர்ப்பரப்பு சராசரியாக 100 ஹெக்டேர் எனவும், நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது எனவும் கொண்டால், 120 நாளில் 6 இலட்சம் கன மீட்டர் மறையும். மீதி 24 இலட்சம் 200 ஹெக்டேருக்கே போதும். ஒரு செலவை மறந்ததால் 50 ஹெக்டேர் பயிர் கருகும்!

மண்ணில் ஊறும் நீரையும் கணக்கிட்டால் நடவுப் பரப்பு இன்னும் குறையும். அதற்காக மனம் தளர வேண்டுவதில்லை. நிலத்தைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக வைத்தால் நெல்லுக்கு ஆகும் நீர் குறையும். ஒரு பகுதியில் உளுந்தோ கேழ்வரகோ விதைத்தால் மேலும் மிஞ்சும். இவற்றுள் எது நன்று என்பதை, நிலத்தில் இறங்கி இழப்புறுமுன் கணக்கிலேயே சோதித்து அறியலாம். கணித மாதிரியின் பெரும்பயன் இதுவே.

எனினும், மாதிரி ஏரி ஆகாது. ஆண்டுதோறும் வண்டல் படிவதால் கொள்ளளவு குறையும்; பழைய எண்ணை நம்பினால் ஏமாறுவோம். ஆகவே ஏரியை அளந்து கணக்கைத் திருத்திக்கொண்டே இருத்தல் வேண்டும்.

இதே மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்தைப் பற்றிக் கூறுகின்றன. ஏரியைக் காப்பது ஊரார் அனைவரின் கடமை என அன்றே உணர்ந்திருந்தனர். இன்று கணினி விரைந்து கணக்கிடுகின்றது. ஆனால், நீரை அளந்து பகிரும் நேர்மையை நாமே கைக்கொள்ள வேண்டும். தலைமடையார் கணக்கறிந்து நீரைக் கொள்வாராயின், கடைமடையிலும் கதிர் முற்றும் அன்றோ?