காவலூர் நேரமும் கைக்கடிகாரத்தின் விலையும்

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைப் பக்கம் ஏறினால் வரும் காவலூரில் உச்சிப்பொழுது பகல் 12 மணிக்கு வருவதில்லை. சராசரியாக 12.15க்குத்தான் வரும். நம் கையில் ஓடும் இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. காவலூர் இருப்பதோ ஏறத்தாழ 78.8 பாகையில். பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம் பிடிக்கும். பெருக்கிப் பார்த்தால் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும்.

இந்தக் கணக்கெல்லாம் அங்குள்ள வானாய்வகத்துக்கு அன்றாட வேலை. விஞ்ஞானி வைணு பாப்பு 1960களின் கடைசியில் இடம் தேர்ந்து தொடங்கிய ஆய்வகம் அது. இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, அதற்குச் சற்று முன்பே அந்த விண்மீனின் ஒளி சில விநாடிகள் மங்கியதை இங்கிருந்த 1 மீட்டர் தொலைநோக்கி பதிவு செய்தது. அதே இரவில் அமெரிக்கக் குழு ஒன்று விமானத்திலிருந்தும் அந்த மங்கலைப் பார்த்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது அப்படித்தான் வெளிப்பட்டது. எத்தனை மணி, எத்தனை விநாடிக்கு ஒளி மங்கியது என்று சொல்ல முடியாத பதிவு இதில் எதற்கும் உதவாது.

விண்மீன் பார்த்து மணி சொல்லும் தொழில் தமிழ்நாட்டுக்குப் பழையது. காவலூருக்கு முன்னோடி கொடைக்கானல். அதற்கு முன்னோடி சென்னை வானாய்வகம். 1786இல் வில்லியம் பெட்ரி தன் சொந்தச் செலவில் தொடங்கியதைப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்று நடத்தியது. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னே ஓடிய 'மதராஸ் நேரத்'தைப் பார்த்துத்தான் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்கள் ஓடின. கடிகாரத்தில் பாரம்பரியம் என்றால் சுவிட்சர்லாந்தை மட்டும் நினைப்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

சரி, அந்த சுவிஸ் பாரம்பரியம் எதை வைத்து விற்கிறது? அதற்கு வாட்சின் உள்ளே போக வேண்டும்.

சாவி கொடுக்கும் வாட்சில் சுருண்டு கிடக்கும் ஸ்ப்ரிங்தான் சக்தி. அதை அப்படியே விட்டால் சில விநாடிகளில் சர்ரென்று அவிழ்ந்துவிடும். அப்படி அவிழாமல் துளித்துளியாக விடுவது ஒரு சிறிய கவை. இருபுறமும் ஊசலாடும் சமநிலைச் சக்கரம் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அந்தக் கவை ஒரு பல்லை விடுவித்து அடுத்த பல்லைப் பிடிக்கும். நாம் கேட்கும் 'டிக் டிக்' அந்தப் பல் மோதும் ஓசை. இன்றைய நல்ல வாட்சுகளில் பல இப்படி மணிக்கு 28,800 முறை அடிக்கின்றன. ஆனாலும் குளிர், வெயில், கையின் அசைவு, மணிக்கட்டில் சாய்ந்த கோணம் என எல்லாம் அதைப் பாதிக்கும். சுவிஸ் தரச்சான்று பெற்ற இயந்திர வாட்சே ஒரு நாளில் 6 விநாடி முந்தலாம், 4 விநாடி பிந்தலாம்.

குவார்ட்ஸ் வாட்சின் வழியே வேறு. பேட்டரி மின்சாரம் பட்டதும் ஒரு படிகத் துண்டு விநாடிக்கு 32,768 முறை அதிரும். 2ஐ 15 முறை பெருக்கினால் வரும் எண் இது. மின்சுற்று அதைப் பதினைந்து தடவை பாதி பாதியாக்கி, விநாடிக்கு ஒரு துடிப்பாக்கி, முள்ளைத் தள்ளும். பிளாட்பாரத்தில் வாங்கிய சாதாரண குவார்ட்ஸ் வாட்சுகூட மாதத்துக்குச் சுமார் 15 விநாடிதான் பிசகும். அதாவது பல லட்ச ரூபாய் இயந்திர வாட்சைவிட அது ஒழுங்காக மணி காட்டும்.

1969இல் ஜப்பானின் செய்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த 15 ஆண்டுகளில் சுவிஸ் கடிகாரத் தொழிலில் மூன்றில் இரண்டு பங்கு வேலைகள் போயின. துல்லியத்தைச் சொல்லி இனி விற்க முடியாது என்றானபின், பிழைத்த கம்பெனிகள் வரலாற்றை விற்கத் தொடங்கின. தாத்தா கட்டியது, கைவேலை, எண்ணிக்கையில் சில மட்டும் என்றெல்லாம் பேச்சு மாறியது. பிறகு அந்த வரிசையில் நற்பணியும் சேர்ந்தது.

ஐ.டபிள்யூ.சி. நல்ல உதாரணம். பாஸ்டன்காரரான ஃபுளோரன்டைன் ஜோன்ஸ் 1868இல் ரைன் ஆற்றங்கரையில் ஷாஃப்ஹவுசனில் தொடங்கிய கம்பெனி அது. விளையாட்டின் வழியே வறிய பிள்ளைகளுக்கு உதவும் லாரியஸ் அறக்கட்டளைக்காக 2006 முதல் சிறப்புப் பதிப்புகளை வெளியிட்டு வருகிறது. நீல டயல், பின்மூடியில் ஒரு குழந்தை வரைந்த படம். விற்பனையில் ஒரு பங்கு அறக்கட்டளைக்குப் போகும். இப்படி நற்பணிக்கு வாட்ச் விற்பதன் உச்சம் 'ஒன்லி வாட்ச்' ஏலம். டியூஷென் தசைச்சிதைவு நோய் ஆராய்ச்சிக்காக 2005இல் தொடங்கியது. கம்பெனிகள் உலகில் ஒன்றே ஒன்றாக ஒரு வாட்சைச் செய்து தரும். 2019இல் படேக் ஃபிலிப் கொடுத்த எஃகு வாட்ச் 3.1 கோடி சுவிஸ் ஃபிராங்குக்குப் போனது. அன்றைய மதிப்பில் 200 கோடி ரூபாய்க்கு மேல். அவ்வளவு நல்ல காரியத்துக்கும் கணக்குக் கேள்வி வந்தது. பணம் எப்படிச் செலவாகிறது என்று சேகரிப்பாளர்கள் கேட்கவே, 2023 ஏலம் அடுத்த ஆண்டு மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. கேட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி, வாணியம்பாடி, கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் போனால் நற்பணியில் வேறொரு முறையைப் பார்க்கலாம். டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன் கம்பெனியின் ஆலை அங்கே இருக்கிறது. கம்பெனியை முதலில் நடத்திய ஸெர்க்ஸஸ் தேசாய் துணிந்து குவார்ட்ஸைப் பிடித்தார். 2002இல் வந்த 'எட்ஜ்' வாட்சின் பருமன் கண்ணாடி முதல் பின்மூடி வரை 3.5 மில்லிமீட்டர், உள்ளே ஓடும் பொறி 1.15 மில்லிமீட்டர். அந்த இடத்துக்குள் பேட்டரி, சுருள், பல்சக்கரம் எல்லாம் அடங்க வேண்டும், தண்ணீரும் புகக் கூடாது. என் கணக்கில் தமிழ்நாட்டில் பிறந்த மிக அழகான பொறிகளில் அது ஒன்று.

அந்த ஆலை தொடக்க காலத்திலேயே மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுத்தது. 1990களில் மைராடா தொண்டு நிறுவனத்தின் துணையோடு சுற்றுவட்டாரச் சுயஉதவிக் குழுப் பெண்கள் 'மெடோ' என்ற நிறுவனத்தை அமைத்தார்கள். வாட்சின் உலோகப் பட்டையைக் கண்ணி கண்ணியாகக் கோக்கும் வேலையை டைட்டன் அவர்களுக்குக் கொடுத்தது. இதற்கென்று தனி டயலும் கிடையாது, வரிசை எண்ணும் கிடையாது. உதவி, வாங்குபவரின் கண்ணுக்குப் படாமல் பட்டைக்குள்ளேயே இருக்கிறது. ஏலம் முடிந்ததும் அது நின்றுவிடுவதில்லை. மத்திய அரசு நிறுவனமான எச்.எம்.டி. செய்த பிரெய்ல் வாட்சையும் இந்தப் பக்கம்தான் வைப்பேன். மூடியைத் திறந்து, மேடிட்ட புள்ளிகளையும் முட்களையும் விரலால் தடவி மணி அறியலாம். நற்பணிக்கு நன்கொடை என்று தனியாக எதுவும் வேண்டாம், அந்தப் பொருளே நற்பணி. எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்துவிட்டது.

நற்பணிச் சிறப்புப் பதிப்பு எதையாவது வாங்க நினைத்தால் கடையில் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரு வாட்சுக்கு எத்தனை ரூபாய் போகிறது, யாருக்குப் போகிறது, போன ஆண்டுக் கணக்கு எங்கே இருக்கிறது? 'ஒரு பகுதி' என்று மட்டும் பதில் வந்தால், பிடித்த வாட்சை வாங்கிக்கொண்டு நன்கொடையை நேரடியாகக் கொடுத்துவிடுங்கள்.